பிரெக்ஸிட் இழப்பு: பேச்சுவார்த்தை சொதப்பலா, எடுத்த முடிவே அப்படியா?

தராசுமுள்:
ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபின் வந்த பாதிப்பு எல்லாவற்றையும் "வெளியேறியதற்கான விலை" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி பேச்சுவார்த்தையைக் கையாண்ட விதத்தால் வந்தது என்பது என் வாதம்.

2017 மார்ச் 29 அன்று அப்போதைய பிரதமர் தெரசா மே, ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆவது பிரிவின்கீழ் விலகல் நோட்டீஸ் கொடுத்தார். அன்றே இரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. நீட்டிக்க வேண்டுமென்றால் மற்ற 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். எப்படிப்பட்ட உறவு வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை ஒரு முடிவுக்கு வந்ததோ 2018 ஜூலையில், பிரதமரின் செக்கர்ஸ் மாளிகையில் நடந்த கூட்டத்தில். அதற்குள் 15 மாதம் போய்விட்டது. அந்த முடிவும் நிலைக்கவில்லை. சில நாட்களிலேயே பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸும் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் ராஜினாமா செய்தார்கள்.

அடுத்தது வரிசை. குடிமக்கள் உரிமை, பிரிட்டன் ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கித் தொகை, அயர்லாந்துக்கும் பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை ஆகிய மூன்றும் முதலில், வர்த்தகம் பிறகுதான் என்றது ஒன்றியம். 2017 ஜூன் 19, பேச்சின் முதல் நாளே டேவிஸ் அதை ஏற்றார். 3,500 முதல் 3,900 கோடி பவுண்ட் வரை மதிப்பிடப்பட்ட தொகை பிரிட்டன் கையிலிருந்த பெரிய பிடி. வர்த்தகப் பேச்சு தொடங்கும் முன்பே அதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

வணிகநோக்கு:
வரிசையை மாற்றியிருந்தாலும் கிடைத்திருப்பது இதே ஒப்பந்தம்தான், தராசுமுள். 2017 ஜனவரியில் லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் மே என்ன சொன்னார்? ஒற்றைச் சந்தையில் (ஒரே தர விதிகள், சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போகும் ஏற்பாடு) இருக்க மாட்டோம், சுங்க ஒன்றியத்தின் (உள்ளே வரி இல்லை, வெளிச்சரக்குக்கு எல்லாருக்கும் ஒரே வரி) பொது வரிக்குக் கட்டுப்பட மாட்டோம், ஐரோப்பிய நீதிமன்றம் எங்களுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே காட்டிய படிக்கட்டு வரைபடம் இதைத்தான் படமாக்கியது. ஒவ்வொரு படியும் ஒரு நாடு ஒன்றியத்தோடு வைத்திருக்கும் உறவு, இறங்க இறங்க நெருக்கம் குறையும். நீதிமன்றம் வேண்டாமென்றால் நார்வே படி போச்சு. ஆட்கள் தடையின்றி வந்துபோகக் கூடாதென்றால் சுவிட்சர்லாந்து படி போச்சு. தனி வர்த்தகக் கொள்கை வேண்டுமென்றால் துருக்கி படியும் போச்சு. மிச்சம் கனடா, தென்கொரியா மாதிரியான ஒப்பந்தம் மட்டும்.

அயர்லாந்துச் சிக்கலும் சாமர்த்தியக் குறைவால் வந்ததல்ல. அயர்லாந்து தீவுக்குள் எல்லைச் சோதனை கூடாது, ஐரிஷ் கடலிலும் கூடாது, சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வர வேண்டும்: இந்த மூன்றும் ஒருசேர நடக்காது. ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும். பிறகு பிரதமரான ஜான்சன் கடலைக் கைவிட்டார், அதாவது ஐரிஷ் கடலில் சோதனைக்குச் சம்மதித்தார்.

தராசுமுள்:
மே போட்ட அந்தச் சிவப்புக் கோடுகள், அதாவது விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற நிபந்தனைகள், மக்கள் வாக்கெடுப்பில் இல்லையே. 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள், சுங்க ஒன்றியத்தை விடுவதா என்று யாரும் கேட்கவில்லை. மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. ஆனால் ஏப்ரல் 1 அன்று, சுங்க ஒன்றியத்தில் இருப்போம் என்ற எம்.பி. கென் கிளார்க்கின் தீர்மானம் 273க்கு 276 என்று வெறும் 3 வாக்கில் தோற்றது. வேறு வழி இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரக்குச்சீட்டு:
இடையில் ஒன்று சொல்கிறேன். சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருந்தால் லாரி நிற்காமல் போகும் என்று நினைக்க வேண்டாம். துருக்கி அதில் இருந்தும் பல்கேரிய எல்லையில் லாரிகள் வரிசை கட்டுகின்றன. உணவுத் தரம், கால்நடைச் சோதனை எல்லாம் ஒற்றைச் சந்தையின் சமாசாரம்.

2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தில் வரியும் இல்லை, அளவு வரம்பும் இல்லை. ஆனால் அந்தச் சலுகை, சரக்கு உண்மையில் எங்கே உருவானது என்று பார்க்கும் உற்பத்தி மூல விதியில் தேறும் சரக்குக்குத்தான். சீனாவில் தைத்த சட்டை பிரிட்டனுக்குள் வரும்போது 12 சதவீத வரி கட்டுகிறது. அதை அப்படியே டப்ளின் கடைக்கு அனுப்பினால் அங்கே இன்னொரு 12 சதவீதம். பிரிட்டனில் பெட்டியை மாற்றுவதாலோ விலைச்சீட்டு ஒட்டுவதாலோ அது பிரிட்டிஷ் சரக்கு ஆகிவிடாது. முதல் வரியைத் தவிர்க்கச் சுங்கக் கிடங்கு அனுமதி வாங்கலாம். ஆனால் கிடங்குக் கணக்கும் பிணைத்தொகையும் சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது.

இறைச்சி, மீன், பால் பொருள் என்றால் ஒவ்வொரு சரக்குக்கும் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவரோ சான்றளிக்கும் அதிகாரியோ கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பியப் பக்கத்தில் முன்கூட்டியே தகவல் பதிய வேண்டும், சோதனைச் சாவடி உள்ள துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும். பெரிய நிறுவனம் ஒரே பொருளை முழு லாரியில் ஏற்றும், ஒரு சான்றிதழோடு முடிந்தது. பத்துப் பேர் சரக்கு ஒரே லாரியில் போனால் ஒருவர் சான்றிதழில் பக்க எண் தவறினாலும் பத்துப் பேர் சரக்கும் நிற்கும். 2021 தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மீன் வியாபாரம் தடுமாறியது இதனால்தான். நண்டும் இறாலும் ஒரு நாள் தாமதத்தைத் தாங்காது.

தராசுமுள்:
இதெல்லாம் ஒப்பந்தத்தின் ஓட்டைகள், அடைக்கக்கூடியவை. 2025 மே 19 லண்டன் உச்சிமாநாட்டில் உணவு, கால்நடைச் சோதனை ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் இசைந்தன. ஐரோப்பியப் படகுகளுக்குக் கொடுத்த மீன்பிடி அனுமதி 2038 ஜூன் வரை நீண்டது. இந்தப் பேரத்தை 2020லேயே செய்திருக்கலாம். அப்புறம், பிரிட்டனின் பட்ஜெட் கண்காணிப்பு அமைப்பான ஓ.பி.ஆர் சொல்லும் 4 சதவீத உற்பத்தித்திறன் இழப்பு அளந்து பார்த்த எண் அல்ல, வெளி ஆய்வுகளின் சராசரியை வைத்த நீண்டகால மதிப்பீடு. சேவை ஏற்றுமதி நன்றாக வளர்ந்திருப்பதையும் யாரும் பேசுவதில்லை.

வணிகநோக்கு:
மதிப்பீடுதான், ஒத்துக்கொள்கிறேன். சரி, எதிர்ப்பக்கத்தையும் அதே தராசில் வையுங்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் ஜிடிபி 0.08 சதவீதம் கூடும் என்று பிரிட்டிஷ் அரசே மதிப்பிட்டது. சி.பி.டி.பி.பி (CPTPP) என்ற டிரான்ஸ்-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்ததாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தனி வர்த்தகக் கொள்கை என்ற பெயரில் துருக்கிப் படியை விட்டதற்கு வந்த வரவு இது. சேவையிலும், லண்டன் வங்கி ஒரே உரிமத்தோடு ஒன்றியம் முழுக்கக் கடை விரிக்க முடிந்தது போய்விட்டது. பாரிஸ், ஃபிராங்க்பர்ட், டப்ளின் என்று தனித்தனியாக மூலதனமும் ஆட்களும் போட வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்ன உணவு ஒப்பந்தத்தையே பாருங்கள். ஒன்றியம் விதியை மாற்றினால் பிரிட்டனும் மாற்ற வேண்டும், ஒன்றியச் சட்டத்துக்கு இறுதி விளக்கம் ஐரோப்பிய நீதிமன்றத்தினுடையது. 2017ல் போட்ட சிவப்புக் கோட்டை அழித்த இடத்தில் மட்டும்தான் லாரி நகர்கிறது. பேச்சாளரை மாற்றி இதைச் சாதித்திருக்க முடியாது.

தராசுமுள்:
கோட்டைப் போட்டதும் பேச்சுவார்த்தையின் பகுதிதானே. நோட்டீஸ் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், எதிர்த்தரப்பிடம் எதையும் கேட்காமல், மூன்று கதவுகளையும் தானே சாத்திக்கொண்டதைத்தான் நான் முதலிலிருந்து குறை சொல்கிறேன்.

சரக்குச்சீட்டு:
உணவு ஒப்பந்தம் அமலுக்கு வந்தாலும் சுங்க அறிக்கை போகாது, மூல விதியும் போகாது. அடுத்த இடி மின்சாரக் கார்களுக்கு. இப்போதைய ஒப்பந்தப்படி 2026 முடியும்வரைதான் தளர்வு. 2027 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு உதிரிகள் காரின் மதிப்பில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேட்டரியும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ செய்ததாக இருக்க வேண்டும். ஆசியாவிலிருந்து பேட்டரி செல் வாங்கும் தொழிற்சாலை இந்த விதியில் தேறாது, தேறாவிட்டால் 10 சதவீத வரி. விலகும் பேச்சில் எந்தப் பக்கம் நின்றவர்களானாலும், இந்தத் தேதியைப் பற்றி இரு தரப்பும் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.