எருக்கம்புழு வளர்த்த வகுப்பு

கரிசல் டீச்சர்:

எங்கள் பள்ளிக் காம்பவுண்டை ஒட்டி எருக்கஞ்செடி காடாகக் கிடக்கிறது. வெட்டிப் போடுங்கள் என்று ஊரில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நான்தான் விடுவதில்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும், இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக, வெள்ளையாக, குண்டூசித் தலையைவிடச் சின்னதாக. ஐப்பசி மழை முடிந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முட்டை தேடப் போய்விடுவேன். இலை பறிப்பது மட்டும் நான்தான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு, அதில் விளையாட்டே கிடையாது.

செயல்வழிக் கற்றல் அட்டைகள் 2007–08ல் மாநிலம் முழுக்க வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று படத்தை வரிசையாக வைக்கச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடும். அதே பிள்ளையிடம் செடியில் ஊர்கிற நிஜப் புழுவைக் காட்டி இது என்னவாகும் என்று கேளுங்கள், "பெரிய புழுவாகும் டீச்சர்" என்று சொல்லும்!

அட்டைப் பெட்டியில் ஒரு பக்கம் வெட்டி கொசுவலை ஒட்டினால் போதும், செலவே இல்லை. முட்டை மூன்று நாலு நாளில் பொரியும், புழு வளர ரெண்டு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரம் பத்து நாள். புழு கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு முன்னாலும் பின்னாலும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் தலை எந்தப் பக்கம் என்பதிலேயே முதல் சண்டை வந்துவிடும். கூட்டுப்புழுவாகும் முன் நாலு தடவை தோல் உரிக்கும். உரித்த தோலை அதுவே தின்றுவிடும், ஆனால் தலை ஓடு மட்டும் தனியாகக் கீழே கிடக்கும், அதைப் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்ப்பதற்கு ஒரு கூட்டம். பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் வயிற்றிலிருந்து ஒரு சொட்டு செம்பழுப்பாக விழும், "டீச்சர் ரத்தம்" என்று வகுப்பே எழுந்துவிட்டது. ரத்தம் இல்லை, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு.

நான் சொல்ல வந்தது ஈ விஷயம். போன வருஷம் சில கூட்டுப்புழுக்கள் பழுப்பேறிப் போயின, வெள்ளை நூல் மாதிரி ஒன்று தொங்கியது, கீழே புழுக்கள் நெளிந்தன. அப்புறம் அதிலிருந்து தடித்த ஈக்கள் வந்தன. டாக்கினிட் என்கிற ஒட்டுண்ணி ஈ. ஒரு பெண் அழுதாள். இன்னொருவன் "நம்ம அடைச்சு வெச்சதாலயா ஈ வந்துச்சு?" என்று கேட்டான் பாருங்கள், எனக்கு அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்விதான். இந்த வகை ஈக்களில் சில புழுவின் மேலேயே முட்டை வைக்கும், சில இலையில் வைத்துவிடும், புழு இலையோடு சேர்த்து அதையும் தின்னும். அதனால் ரெண்டு பெட்டி வைத்தோம். ஒன்றில் செடியிலிருந்து பெரிதாகப் பிடித்த புழுக்கள், இன்னொன்றில் முட்டையிலிருந்தே வலைக்குள் வளர்ந்தவை, இலையையும் கழுவித் துடைத்துத்தான் போடுவோம். ஈ வந்தது முதல் பெட்டியில்தான். ஒரு வகுப்பில் ஒரு தடவை செய்ததை வைத்து ரொம்பப் பேசக்கூடாது, இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கணும் என்று ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்குத் தோன்றிவிட்டது, அது எந்த அட்டையிலும் இல்லை.

செங்கல்பட்டு சார்:

டீச்சர், எங்கள் பக்கம் கட்டடம்தான், எருக்கஞ்செடிக்கு எங்கே போவது? நான் கொசுப்புழு வைத்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், தொட்டித் தண்ணீர், வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி ரப்பர் பேண்ட். ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் பொறுமை போவதற்குள். தலைகீழாகத் தொங்கி வால் பக்கக் குழாயை மேலே நீட்டி மூச்சு விடுவதைக் காட்டிவிட்டு, வேறொரு பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விட்டேன். குழாய் மேலே வர முடியாமல் தவித்துச் செத்தன. சுவாசம் பாடத்தை அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது. கொஞ்சம் கொடுமைதான், ஆனால் கொசுவுக்காக அழுகிற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா டெங்கு ஒழிப்புப் பணியாளர் அக்கா தொட்டி பார்க்க வரணும்! அலமாரியில் வரிசையாகப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "நாங்க ஊரெல்லாம் கொட்டிக்கிட்டு இருக்கோம், நீங்க வளக்குறீங்களா சார்" என்று ஒரு பிடி. துணியைக் காட்டி, கொசு வெளியே வராது என்று சமாதானம் சொன்னதும் அவரே உட்கார்ந்து, டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீர் விளிம்புக்கு மேலே ஒட்டி வைக்கும், அதனால்தான் கொட்டினால் போதாது தேய்த்துக் கழுவணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று சாயங்காலம் எத்தனை வீட்டில் டிரம் தேய்த்தார்களோ, மறுநாள் ஒரு அம்மா வந்து "என்ன சார் சொல்லி விட்டீங்க, என் பையன் குடிதண்ணியக் கொட்டிட்டான்" என்று சண்டை.

மாடித்தோட்டம்:

நான் டீச்சர் இல்லை, ரெண்டாம் வகுப்புப் பையனின் அம்மா. பள்ளியில் பார்த்துவிட்டு வந்து எங்கள் தொட்டிக் கறிவேப்பிலையில் காக்காய் எச்சம் மாதிரி ஒட்டியிருந்ததைப் புழு என்றான், நான் நம்பவில்லை. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ரெண்டு கொம்பு வந்து ஒரு நாற்றம் அடித்தது, நம்பினேன். மாமியார் ரசத்துக்கு இலை இல்லை என்று திட்டுகிறார். ஒரு சந்தேகம் டீச்சர், பெட்டிக்குள் தண்ணீர் வைக்கணுமா?

கரிசல் டீச்சர்:

அது எலுமிச்சை அழகியாகவோ கறிவேப்பிலை அழகியாகவோ இருக்கும் அம்மா, பெரிதானால் பச்சையாகிவிடும். தண்ணீர் வேண்டாம், விழுந்து செத்துவிடும், இலையில் இருக்கிற ஈரமே போதும். தினமும் புது இலை போடுங்கள், கீழே பேப்பர் விரித்துப் புழுக்கையை அன்றன்றைக்குத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சாய்வாக ஒரு குச்சி கட்டாயம் வையுங்கள். வெளியே வந்த பட்டாம்பூச்சி பிடித்துத் தொங்க இடமில்லை என்றால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும், அப்புறம் பறக்காது. மாமியாருக்கு இன்னொரு கன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.