ஜனாதிபதி சாரணர் விருது: பதிவுகளை எப்படி வைத்திருப்பது?

கேள்வி (திருகோணமலை): மகனுக்கு 15 வயது, சாரணர் விருது கிடைத்துவிட்டது. இலங்கைச் சாரணரின் உயர்ந்த விருதான ஜனாதிபதி விருதுவரை இனி என்ன வரிசை? எதை எங்கே பதிவது?

பதில் 1: அடுத்து மாவட்ட ஆணையாளர் விருது, பிறகு பிரதம ஆணையாளர் விருது, அதன் மேலேதான் ஜனாதிபதி விருது. எல்லாம் 18 வயதுக்குள் முடிய வேணும். கீழ்ப்படியில் இழுபட்டால் கடைசியில் உயர்தரப் படிப்போடு மோதும்.

பதில் 2: பெரும்பாலும் சறுக்குவது கையொப்பத்தில்தான். சோதனை முடிந்த அன்றே திகதியோடு வாங்குங்கோ. பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போனால் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. சோதனைகளைப் பதியும் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, சான்றிதழ்ப் பிரதிகளைத் தனிக் கோப்பில் போடுங்கோ.

பதில் 3: விருதுக்கான நடைப்பயண அறிக்கையை அன்றிரவே எழுதச் சொல்லுங்கோ, அக்கா: புறப்பட்ட நேரம், திசைகாட்டிப் பாகை, கையால் வரைந்த வழிப்படம். பாசறையை ஆவணிக்குள் முடியுங்கோ. ஐப்பசிக்குப் பிறகு நமக்கு மாரி. கூடாரமும் நனையும், திட்டமும் தள்ளிப்போகும்.