மனுப் போட்டவர் செய்தியாளரா?

பொருநைவாசி:
செய்தியாளர் சுகன்யா சாந்தாவைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்ட அன்றே அவர் செய்தியாளர் இல்லை” என்கிறார். சிறைக்குள் யார் சமைப்பது, யார் கழிப்பறை கழுவுவது என்பதைச் சாதி பார்த்துப் பிரிக்க மாநிலங்களின் சிறை விதிகளே இடம் கொடுத்தன. 2020 டிசம்பரில் தி வயர் இணைய இதழில் அதை வெளியே கொண்டுவந்தவர் அவர். அந்த விதிகளை எதிர்த்துத்தான் பிறகு மனுவும் போட்டார். அந்த ஒருவர் இதையெல்லாம் படித்தாரா?

தராசு:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கட்டுரையில் குறை சொன்னேனா? மனு ஏன் போட்டார் என்றுதான் கேட்டேன். வழக்கில் ஒரு தரப்பாகிவிட்டவர் அந்த வழக்கைப் பற்றி எப்படி நடுநிலையோடு எழுதுவார்?

பொருநைவாசி:
கட்டுரை வந்த சூட்டோடு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2021 பிப்ரவரியில் அந்த மாநிலம் விதியைத் திருத்தியது. மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? மேற்கு வங்க விதிப்படி ‘தகுந்த சாதி’க் கைதிதான் சமைக்க வேண்டும் என்றிருந்தது. இதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட வேண்டுமா?

தராசு:
ராஜஸ்தானில் அவர் மனுப் போடாமலே காரியம் நடந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. 1979 பீகார் விசாரணைக் கைதிகள் வழக்கிலும் இப்படித்தான். பத்திரிகையில் எழுதியவர் ருஸ்தம்ஜி, வழக்குப் போட்டவர் வழக்கறிஞர் கபிலா ஹிங்கொரானி. எழுதியவர் எழுதுவதோடு நின்றார்.

பொருநைவாசி:
ருஸ்தம்ஜி காவல்துறை அதிகாரி ஐயா! செய்தியாளருக்கு உதாரணம் கேட்டால் போலீஸ்காரரைக் கூட்டிவருகிறீர்கள். ஷீலா பார்சே செய்தியாளர்தானே? பம்பாய்க் காவல் நிலையங்களில் பெண் கைதிகள் பட்ட பாட்டை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். 1983இல் அந்தக் கடிதத்தின் பேரில்தான் தீர்ப்பு வந்தது.

தராசு:
பாதிக் கதையோடு நிறுத்துகிறீர்களே! சிறையிலிருக்கும் சிறுவர்களுக்காகவும் அதே பார்சே வழக்குப் போட்டார். நொந்துபோய் அதிலிருந்து விலகக் கேட்டார். 1988இல் நீதிமன்றம் வழக்கை விடவில்லை, அவரைத்தான் மனுதாரர் இடத்திலிருந்து எடுத்தது. மனுப் போட்ட செய்தியாளருக்குக் கிடைத்த மரியாதை அது.

சட்டநேசன்:
இருவருக்கும் வழக்கறிஞர்கள் கண்ணில் படவே மாட்டார்களா? கட்டுரையைத் தூக்கிக் காட்டினால் ஒரு விதியும் செத்துவிடாது. சுகன்யாவின் மனுவுக்காக மூத்த வழக்கறிஞர் முரளிதர் நின்று வாதாடினார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்த விதிகளை ரத்து செய்தார்கள், கைதிகள் பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னார்கள். இத்தனை ஆண்டு கறுப்பு அங்கி போட்ட எனக்கு இந்தச் செய்தியாளர் பஜனை சலித்துவிட்டது.

பொருநைவாசி:
அங்கி இருக்கட்டும். தீர்ப்பு வந்த அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் மனுவின் ஆய்வைப் பாராட்டினார். அந்த ஆய்வு நீதிமன்ற வராண்டாவில் முளைத்ததா?

நெல்லை அண்ணாச்சி:
பாளையங்கோட்டைச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனியாக வைத்திருப்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறார். வெளியே வெட்டுக்குத்து நடக்கிற ஊரில் உள்ளே ஒன்றாக அடைத்தால் என்ன ஆகும் என்று வார்டனைக் கேட்டாரா?

பொருநைவாசி:
அண்ணாச்சி, மோதல் வரும் என்ற அதே சாக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறையின் வேலை, அதைச் சாதியிடம் ஒப்படைக்க முடியாது.

நெல்லை அண்ணாச்சி:
டெல்லியில் உட்கார்ந்து சொல்வது எளிது தம்பி. போன மாதம் பரோல் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவரும் நீங்கள்தானே? அதையும் மறக்கவில்லை.

தராசு:
பாளையங்கோட்டை, பரோல், கறுப்பு அங்கி எல்லாம் வந்துவிட்டது, என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. மனு ஏன் போட்டார்?

பொருநைவாசி:
எழுதியும் விதி மாறாததால் போட்டார். எத்தனை முறை சொல்வது?

தராசு:
அது காரணம். செய்தியாளர் போடலாமா என்பது கேள்வி. தீர்ப்பு 148 பக்கம். போடலாம் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எண்ணைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

சட்டநேசன்:
வழக்கறிஞர்களைப் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.