உதவி: காலையில் ‘டி’ போட்டால் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது

மாறன்
வணக்கம். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி. காலையில் எஞ்சினைப் போட்டு ‘டி’க்கு (டிரைவ்) மாற்றினால் ஐந்தாறு விநாடி எதுவுமே நடப்பதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, அப்புறம் டொக்கென்று கியர் விழுந்து வண்டி பாய்கிறது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. கியர் பெட்டி ஆயில் பார்த்துவிட்டேன், நிறையவே இருக்கிறது. மெக்கானிக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும் என்கிறார். அவசரம்.

செல்வி
என்ன வண்டி, எந்த வருடம்? ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? ‘ஆர்’ (ரிவர்ஸ்) போட்டாலும் இதே தாமதமா, ‘டி’யில் மட்டுமா?

டர்போதம்பி
சோலினாய்டுதான், கியர் பெட்டிக்குள் ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு. என் வண்டியிலும் இப்படித்தான் இருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது. மொத்த செட்டையும் மாற்றிவிடுங்கள்.

பழைய இரும்பு
எதற்கெடுத்தாலும் சோலினாய்டு என்பவர்கள் அது உட்காரும் வால்வ் பாடியைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். மாறன், ஆயில் ‘நிறைய’ இருக்கிறது என்றால் எப்படி அளந்தீர்கள்? எஞ்சின் ஓடும்போதா, நிறுத்தியா? சூடாகவா, ஆறியா? இந்த அடிப்படை தெரியாமல் டிப்ஸ்டிக்கை, அந்த அளவுக் குச்சியை, தொடக் கூடாது.

டர்போதம்பி
உதவி கேட்டு வந்தவரிடம் இப்படியா பேசுவது அண்ணே?

மாறன்
1997 மாடல், நாலு கியர். ‘ஆர்’ போட்டாலும் அதே தாமதம்தான். காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன்பு அளந்தேன், ‘ஹாட்’ கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. நிறம் சிவப்புதான், கொஞ்சம் மங்கல்.

பழைய இரும்பு
நினைத்தேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியின் அடித்தட்டான பானுக்கு வடியும். அந்த நேரத்தில் அளந்தால் குறைவாக இருக்கும் ஆயில்கூட நிறைவாகத்தான் காட்டும். பெரும்பாலான வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் ஒரு தடவை கொண்டுபோய்விட்டு, ‘பி’யில் (பார்க்) எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

செல்வி
ஒரு விதிவிலக்கு: பழைய ஹோண்டா ஆட்டோமேட்டிக்கில் சூடான எஞ்சினை அணைத்துவிட்டு உடனே அளக்க வேண்டும். அதனால்தான் என்ன வண்டி என்று கேட்டேன் மாறன், இன்னும் சொல்லவில்லை.

இரண்டு திசையிலும் தாமதம் என்றால் பெட்டிக்குள் இருக்கும் ஒரு தனிக் கிளட்சைச் சந்தேகிப்பதைவிட இரண்டுக்கும் பொதுவானதைப் பார்ப்பது நல்லது: ஆயில் அளவு, அடைத்த ஃபில்டர், பம்ப். ஆறிய ஆயில் சுருங்கும், மட்டம் இறங்கும், பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அழுத்தம் ஏறாது. சூடானதும் மட்டம் உயர்ந்து சரியாகிவிடும். அளவு சரியாக இருந்தும் தாமதித்தால், கிளட்சை அழுத்தும் பிஸ்டனின் ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கலாம். அதற்குத்தான் பெட்டியை இறக்க வேண்டும்.

இன்னொரு சோதனை: நாளைக் காலையில் ‘என்’னில் (நியூட்ரல்) ஒரு நிமிடம் ஓட விட்டு, பிறகு ‘டி’ போடுங்கள். சில பழைய பெட்டிகளில், கிரைஸ்லர் டார்க்ஃபிளைட் மாதிரி, ‘பி’யில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, ‘என்’னில் போகும். உங்களுடையதும் அந்த வகையாக இருந்து, உடனே கியர் பிடித்தால், கன்வெர்ட்டர் ஆயில் இரவில் வடிந்துபோனதுதான் காரணம். தாமதிக்கும்போது மட்டும் தயவுசெய்து ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். உறுமிக்கொண்டு கியர் விழும் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் தகடு தேய்கிறது.

நெடுஞ்சாலை
மங்கல் என்கிறார். ஒரு ஃபிளஷ் அடித்து, பழைய ஆயிலை மொத்தமாக வெளியே தள்ளிப் புதிது ஏற்றினால் எல்லாம் சரியாகும்.

பழைய இரும்பு
பழைய பெட்டியில் ஃபிளஷ் வேண்டவே வேண்டாம். புது ஆயில் ஊற்றிய மறுவாரமே கியர் நழுவ ஆரம்பித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலை
அந்தப் பெட்டிகள் முன்பே செத்துக்கொண்டிருந்தன. ஆயில் கருகி, தகடு தேய்ந்த பிறகு மாற்றிவிட்டு, பழியைப் புது ஆயில்மேல் போடுகிறார்கள்.

செல்வி
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பானைத் திறந்து வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் பெரும்பாலும் வரும், மீதி கன்வெர்ட்டரிலும் குழாயிலும் தங்கும். வடித்து நிரப்பி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்பினால் ஃபிளஷ் மெஷின் மாதிரி அழுத்தம் கொடுக்காமலே பெரும்பகுதி மாறிவிடும். பானைக் கழற்றினால் காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இயல்பு, உலோகத் துணுக்கு வந்தால் கெட்ட சேதி. ஆயில் வெளிர் சிவப்பாகப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்போது வண்டியை எடுக்கவே கூடாது.

நெடுஞ்சாலை
ஃபிளஷ் என்றாலே அழுத்தம் என்று யார் சொன்னது? ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பெட்டியின் சொந்த பம்பையே ஓட விட்டு மாற்றுவதும் உண்டு.

பழைய இரும்பு
அதை ஃபிளஷ் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாறன்
சூடாக வைத்து அளந்தேன். குச்சியின் நுனியில்தான் ஆயில் ஒட்டுகிறது. கூலர் குழாய் இணைப்பில் ஈரம் இருந்தது, இறுக்கியாகிவிட்டது. குச்சியிலேயே ஆயில் வகை டெக்ஸ்ரான் 3 என்று பொறித்திருக்கிறது, அதையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இன்று காலை உடனே கியர் பிடித்தது. பெட்டியை இறக்கவில்லை. நன்றி.

செல்வி
நல்லது. ஒரு வாரம் கழித்துச் சூடாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள், மட்டம் இறங்கியிருந்தால் கசிவு நிற்கவில்லை. கோட்டுக்கு மேலேயும் போக வேண்டாம், சுழலும் பாகங்கள் அடித்து நுரைத்தால் பழையபடி காற்றைத்தான் இழுக்கும். ஃபில்டர் மாற்றினீர்களா?

டர்போதம்பி
வண்டி என்னவென்று கடைசிவரை சொல்லவே இல்லையே மாறன்?