நர்சிங் முடித்ததும் நேராக ஐசியூ: தாக்குப்பிடிக்க முடியுமா?

கேள்வி:
பி.எஸ்சி நர்சிங் முடித்து இரண்டு மாதம்தான். மதுரையில் மெடிக்கல் ஐசியூவில் போட்டிருக்கிறார்கள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தாலே கை நடுங்குகிறது. ஒரு வருஷம் வார்டில் இருந்துவிட்டு வரலாமா?

பதில் 1:
தங்கச்சி, நானும் படித்து முடித்த கையோடு ஐசியூவில் சேர்ந்தவள்தான். முதல் வாரம் வென்டிலேட்டரில் ஹை பிரஷர் அலாரம் (காற்று உள்ளே போகத் தடை இருக்கிறது என்று சொல்வது) அடித்தபோது சைலன்ஸ் பட்டனையே அமுக்கிக்கொண்டு நின்றேன். சீனியர் அக்கா ஓடிவந்து, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போட்டார். மூச்சுக்குழாய்க்குள் போட்டிருந்த டியூபில் சளி கட்டியிருந்தது. அன்றிலிருந்து மெஷினுக்கு முன்னால் பேஷன்ட்டைப் பார்ப்பேன். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு, டியூப் நகர்ந்திருக்கிறதா, மெஷினிலிருந்து வரும் குழாய்கள், அதாவது சர்க்யூட், கழன்றிருக்கிறதா? சாச்சுரேஷன் இறங்கினால் உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. அதில் வெட்கமே வேண்டாம்.

பிபி இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரீனலின் மருந்து சிரிஞ்சு தீரும்வரை காத்திருக்காதே, அடுத்ததை முன்பே தயாராக வை. மாற்றும் அந்தச் சில நொடியிலேயே பிபி சரியும். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக ஊசியில் தள்ளாதே.

பதில் 2:
வார்டா ஐசியூவா என்பதைவிட, உன்னோடு யார் நிற்கிறார்கள் என்று பார்ம்மா. நைட் டூட்டியில் வென்டிலேட்டர் பேஷன்ட் மூன்று பேரை உன்னிடம் தனியாக விட்டால், தயங்காமல் வார்டு கேள். சீனியர் பக்கத்தில் இருந்தால் அங்கேயே இரு.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. சீனியர் ஒருவர் கூடவே இருக்கிறார். இன்று நைட் டூட்டி, போகிறேன்.