ஐஸ் பாரின் நடுவில் விழும் வெள்ளையும் அண்டார்டிகா பனிக்குள் இருக்கும் காற்றும் ஒன்றுதானா?

கேள்வி: காசிமேடு ஐஸ்காரர்

எல்லோருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். அப்பா காலத்துத் தொழில். இப்போது தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கம்ப்ரசரைப் பிரித்துச் சுத்தம் செய்வதைத் தவிர வேலை இல்லாததால் கேள்வி கேட்கும் அளவுக்கு மூளை சும்மா கிடக்கிறது.

அக்கா மகன் கப்பலில் எஞ்சினியர். தெற்கே எங்கேயோ கடலில் மிதந்த பனிமலைத் துண்டு ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு வீடியோ அனுப்பியிருந்தான். அது கரையக் கரையச் சடசடவென்று வெடிக்கிறது. "மாமா, இது ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய காற்று" என்று பெருமை வேறு.

எனக்கு அங்கேதான் சந்தேகம். எங்களிடம் கேனில் தண்ணீர் நிரப்பி உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. கேனில் இருக்கும் நல்ல தண்ணீர் சுற்றுப்புறத்திலிருந்து உள்ளே நோக்கி உறைந்துகொண்டு வரும். ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளையாகத் தண்டு விழும். மெல்லிய குழாய் விட்டுக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெள்ளை குறையும். அந்த வெள்ளையும் காற்றுதான் என்பது எங்கள் ஆப்பரேட்டருக்குக்கூடத் தெரியும். அப்படியானால் என் ஐஸ் பாரிலும் காசிமேட்டுக் காற்று, கருவாட்டு வாசனையோடு சேமிப்பில் இருக்கிறதா? அந்தப் பனிக்கு வயது எப்படிக் கணக்கிடுகிறார்கள்? "விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம்.

பதில்: திருவொற்றியூர் தேரடி

அண்ணா, நான் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். பனியின் வேதியியல் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் வேலை.

இரண்டும் காற்றுதான், ஆனால் உள்ளே நுழைந்த வழி வேறு. உங்கள் ஐஸ் தண்ணீரிலிருந்து பிறந்தது. தண்ணீர் உறையும்போது தன்னில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் பனிப் படிகத்துக்குள் ஏற்காமல் வெளியே தள்ளும். அவை நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சேர்ந்து, கடைசியில் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரையும், நைட்ரஜன் கொஞ்சமாகத்தான் கரையும். எனவே உங்கள் குமிழில் இருப்பது காசிமேட்டுக் காற்றே ஆனாலும் கலவை மாறிப்போன காற்று. அதை வைத்து வளிமண்டலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியாது.

அண்டார்டிகாவின் நடுப்பகுதியில் தண்ணீர் என்ற கட்டமே கிடையாது. விழுந்த பனி உருகுவதில்லை. அதன் மேல் அடுத்த ஆண்டுப் பனி, அதன் மேல் அடுத்தது. பாரம் ஏற ஏறத் துகள்கள் நெருங்கி, சுமார் 50 முதல் 120 மீட்டர் ஆழத்துக்குள் இடுக்குகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. அந்த நொடியில் இடுக்கில் இருந்த காற்று அப்படியே பூட்டப்படுகிறது. அதுவரை மேலேயிருந்து காற்று உள்ளே வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, காற்றுக்கு அதைவிடக் குறைந்த வயது! பனிப்பொழிவு மிகக் குறைவான இடங்களில் இந்த வித்தியாசம் சில ஆயிரம் ஆண்டுகள்.

வயதுக்கு ஒரே சூத்திரம் இல்லை. கிரீன்லாந்தில் பனி நிறைய விழுவதால் கோடை, குளிர்கால அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். 60,000 ஆண்டு வரை அப்படி எண்ணியிருக்கிறார்கள். எரிமலை வெடித்த ஆண்டில் பனியில் அமிலம் படியும், அமிலம் இருக்கும் அடுக்கு மின்சாரத்தை அதிகம் கடத்தும். துளையிட்டு எடுத்த பனித்தண்டின் மீது இரண்டு மின்முனைகளை வைத்து இழுத்துக்கொண்டே போனால், இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்தபோது அமிலம் படிந்த அடுக்கில் மீட்டர் துள்ளும். அண்டார்டிகாவின் உட்பகுதியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் சேரும், எண்ண முடியாது. அங்கே பனி அழுந்தி நகரும் வேகத்தைக் கணக்கிட்டு, எரிமலைத் தடயங்களோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் 3,200 மீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனியில் 8 லட்சம் ஆண்டுக் காற்று இருக்கிறது. அத்தனை காலத்திலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டியதில்லை. பனியுகங்களில் 180 வரைகூட இறங்கியது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பதில்: வண்ணாரப்பேட்டை வாத்தியார்

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குளிர்ந்த எந்த ஐஸைத் தண்ணீரில் போட்டாலும் வெப்ப அதிர்ச்சியில் ஓரிரு முறை 'டக்' என்று விரிசல் விடும். அதைப் பழைய காற்று என்று நினைத்துவிடாதீர்கள். பனிமலைத் துண்டில் சத்தம் நிற்காது. பெரும் பாரத்தில் அழுந்திய குமிழ்கள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம் அது.

பிரெஞ்சு விஞ்ஞானி குளோது லோரியுஸ் 1965இல் அண்டார்டிகாவில் விஸ்கியில் பழம்பனித் துண்டைப் போட்டபோது எழுந்த குமிழ்களைப் பார்த்துத்தான், இந்தக் காற்றை அளந்தால் என்ன என்று யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். மதுவால் விளைந்த நன்மை என்று நான் அறிந்தது இது ஒன்றுதான்.

காசிமேடு ஐஸ்காரர்

வாத்தியார் ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. கலவை மாறும் விஷயம் புரிந்தது. அப்படியானால் இமயமலையில் ஏன் துளையிடவில்லை? அது நமக்குப் பக்கம்தானே. சைபீரியாவில் மண்ணே உறைந்து கிடக்கிறதாமே, அதற்குள் பழைய காற்று இருக்காதா?

பதில்: திருவொற்றியூர் தேரடி

இமயமலைப் பகுதியிலும் துளையிட்டிருக்கிறார்கள். 1997இல் திபெத்தின் தசுவோபு பனியாற்றில் 7,200 மீட்டர் உயரத்தில் எடுத்தார்கள். அவ்வளவு மேலே போக வேண்டியதற்குக் காரணம் நீங்கள் கேட்ட அதே விஷயம்தான். தாழ்வான பனியாறுகளில் கோடையில் மேற்பரப்பு உருகி, தண்ணீர் கீழே இறங்கி மறுபடி உறைந்துவிடும். அந்த அடுக்கு உங்கள் கேன் ஐஸுக்கு உறவு. அங்கே வேறு ஆய்வுகள் நடக்கின்றன. ஸ்பிட்டி பகுதியில் 2016இல் நிறுவிய 'ஹிமான்ஷ்' என்ற இந்திய நிலையம், சந்திரா ஆற்றுப்படுகைப் பனியாறுகள் ஆண்டுதோறும் எவ்வளவு இளைக்கின்றன என்று அளக்கிறது.

சைபீரியாவில் இருப்பது உறைநிலம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யத்துக்கு மேலே போகாத மண்ணுக்குத்தான் அந்தப் பெயர். அதன் இடுக்குப் பனியிலும் குமிழ் உண்டு. ஆனால் சுற்றியிருக்கும் மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால், அந்தக் குமிழை வளிமண்டலத்தின் மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. உறைநிலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கவலைப்படுவது பழைய காற்றுக்காக அல்ல. இன்றைய வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன், மக்காத செடி வேராக அதில் கிடக்கிறது.

தடைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் ஃபேக்டரிக்கு வருகிறேன் அண்ணா. காற்று ஊதிய பாரில் ஒரு துண்டும் ஊதாத பாரில் ஒரு துண்டும் எடுத்து வையுங்கள், மெல்லியதாக அறுத்து ஒளியில் வைத்துப் பார்ப்போம்.