புதுப்பிப்பு: மொபைல் கிளிப்பில் ஓடும் கறுப்புப் பட்டைகள்

மொபைலில் குட்டி வீடியோ எடுப்பது பற்றிய முந்தைய இழையில் அதிகம் வந்த கேள்வி: வீட்டுக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஏன் ஓடுகின்றன?

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். கேமராவின் ப்ரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தி, வெளிச்சத்தை ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன்) மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஆட்டோவில் விட்டால், ஜன்னல் பக்கம் கேமரா திரும்பியதும் ஷட்டர் வேகமெடுக்கும். பட்டையும் கூடவே வந்துவிடும். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அது பெரும்பாடு.

உதடும் குரலும் போகப்போக விலகுகிறதா? மொபைல் ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றிக்கொண்டே பதிவுசெய்வதுதான் வழக்கமான காரணம். வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ (மாறாத ஃப்ரேம் ரேட்) தேர்ந்து மாற்றிய பிறகே எடிட்டிங் டைம்லைனில் போடுங்கள்.